கப்பல் பெயிண்ட் விஷத்தைத் துப்பும் கிருமிகள்!
மருந்தையும் சேர்த்துத் தள்ளுவதால் சிக்கல்

பிரான்சு நாட்டின் தென்மேற்குக் கரையில் இருக்கிறது ஆர்க்காசோன் வளைகுடா. சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். 1970-களின் கடைசியில் அங்குள்ள சிப்பிக்காரர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்த சிப்பிகளோ ஓடு தடித்து, கோணல்மாணலாகி, விற்க லாயக்கில்லாமல் போயின.

குற்றவாளி சிக்கியது. படகின் அடியில் பூசும் பெயிண்ட்!

பாசியும் ஓட்டுப் பூச்சியும் அப்பிக்கொண்டால் படகு வேகம் குறையும். எண்ணெய் அதிகம் குடிக்கும். அதைத் தடுக்க பெயிண்டில் ட்ரைபியூட்டைல் டின் (டி.பி.டி.) என்ற வெள்ளீயக் கலவையைச் சேர்த்தார்கள். அது மெல்லக் கசிந்து பூச்சியைக் கொல்லும். பூச்சியோடு நின்றால் பரவாயில்லையே! 1 லிட்டர் தண்ணீரில் 1 கிராமில் 100 கோடியில் ஒரு பங்கு கலந்தாலே, சில வகைக் கடல் நத்தைகளில் பெண்ணுக்கு ஆண் உறுப்பு முளைத்துவிடுகிறது.

25 மீட்டருக்குக் குறைந்த படகுகளுக்கு இந்தப் பெயிண்டை 1982-ல் பிரான்சு தடை செய்தது. பெரிய கப்பல்களுக்கு? உலக ஒப்பந்தம் 2001-ல் உருவாகி, 2008 செப்டம்பரில்தான் அமலுக்கு வந்தது. சிப்பிக்காரன் கூப்பாடு போட்டு கால் நூற்றாண்டு கழித்து!

பம்பு வைத்த கிருமி

அதே வளைகுடாவில் சிக்கிய சூடோமோனாஸ் ஸ்டட்செரி என்ற பாக்டீரியாவுக்கு டி.பி.டி. கொடுத்துப் பார்த்தார்கள். சாகவில்லை. ரகசியம் 2004-ல் வெளியானது. அதன் மேலுறையில் மூன்று புரதங்கள் சேர்ந்த ஒரு பம்பு இருக்கிறது. வீட்டுக்குள் புகுந்த மழைத் தண்ணீரை இறைத்துக் கொட்டுவதுபோல, உள்ளே வரும் விஷத்தை இறைத்து வெளியே விடுகிறது. விஷம் அழியவில்லை. திரும்பவும் கடலுக்கே போகிறது.

சிக்கல் இனிமேல்தான். இந்தப் பம்புக்கு ஆள் அடையாளம் தெரியாது. டைபாய்டுக்கு டாக்டர்கள் ஒரு காலத்தில் எழுதிக்கொடுத்த குளோராம்பெனிகால் மருந்தையும் அதே வழியாகத் தள்ளிவிடுகிறது. நாலிடிக்சிக் ஆசிட் என்ற மருந்துக்கும் அதே கதி. பெயிண்ட் விஷம் நிறைந்த தண்ணீரில் பம்பு உள்ள கிருமிக்குத்தான் பிழைப்பு, இல்லாதது ஒழிந்துபோகும். ஆக, மருந்து வாசனையே படாத கடலிலும் மருந்துக்கு அடங்காத கிருமி பெருக வழி இருக்கிறது. படகுக்குப் பெயிண்ட் அடித்தவன் இதை நினைத்தா அடித்தான்?

தின்று தீர்க்கும் கிருமியும் உண்டு. போர்ச்சுகல் நாட்டின் அவெய்ரோ கழிமுகத்தில் கிடைத்த ஏரோமோனாஸ் மொல்லஸ்கோரம், டி.பி.டி.யை உடைத்து அதையே இரையாக்கிக்கொள்கிறது. அதை நம்பி நிம்மதியாக இருக்க முடியாது. வெளிச்சமும் காற்றும் உள்ள மேல் தண்ணீரில் விஷம் சில நாள், சில வாரத்தில் பாதியாகும். காற்றில்லாத சேற்றுக்குள் போனால் வருஷக்கணக்கில் கிடக்கும்.

துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டும்போது இந்தச் சேறுதான் கலங்கி மேலே வருகிறது. விஷமும் வருகிறது, அதில் பழகிய கிருமியும் வருகிறது.