வெள்ளத்துக்கு எட்டாத இடத்தில் ஒரு பிரதி

2023 மார்ச்சில் மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் பத்து பகாட் மாவட்டத்தைச் சூழ்ந்த வெள்ளம் வாரக்கணக்கில் வடியவில்லை. யோங் பெங் வட்டாரத்துக் குடும்பங்கள் நிவாரண மையங்களில் முடங்கின. 2006 இறுதியிலும் 2011 தொடக்கத்திலும் ஜொகூர் பட்ட பாடும் இதுதான். நிவாரணக் கணக்கில் மெத்தையும் அரிசியும் இடம்பெறுகின்றன. நனைந்து கூழாகும் பள்ளிப் பதிவேட்டையும் கோயில் திருமணப் புத்தகத்தையும் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தாயிற்று என்று சில சங்கங்கள் சொல்கின்றன. வரவேற்கிறோம். ஆனால் அந்த ஹார்ட் டிஸ்க் எங்கே இருக்கிறது? பதிவேடு இருந்த அதே அலமாரியில் என்றால், அடுத்த வெள்ளம் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். கூட்டக் குறிப்பு செயலாளரின் கைப்பேசியில், கணக்கு பொருளாளரின் மடிக்கணினியில், படங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்பதே பல அமைப்புகளின் நிலை. நிர்வாகம் மாறினால் ஆவணங்களும் பழைய நிர்வாகிகளோடு போய்விடுகின்றன.

இது வெறும் பழம்பெருமைக் கவலை அல்ல. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள் காலியாகி, மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்த பின், பிறப்புப் பத்திரம் இல்லாத ஒருவர் தான் இந்த மண்ணில் பிறந்தவர் என்று எதைக் காட்டுவார்? தோட்ட எழுத்தரான கிராணி எழுதிய செக்ரோல் என்னும் சம்பளப் பேரேடும் பள்ளிச் சேர்க்கைப் பதிவேடும் அப்போதுதான் துணைக்கு வரும். ஆவணமற்ற இந்தியர்களுக்காக 2011 பிப்ரவரியில் மைடஃப்தார் என்ற பதிவு இயக்கம் நடத்த வேண்டி வந்ததே, இந்தச் சிக்கல் எவ்வளவு ஆழமானது என்பதைக் காட்டுகிறது.

தமிழ்க் கோப்புகளுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்தவை, அந்தந்த எழுத்துரு இல்லாத கணினியில் புரியாத குறிகளாகத் திறக்கின்றன. கோப்பு பத்திரமாகவே இருக்கும், படிக்கத்தான் முடியாது. எந்த எழுத்துருவில் அடித்தோம் என்று சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே இருக்கும்போதே இவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிட வேண்டும். நீண்டகாலப் பாதுகாப்புக்கென்றே 2005இல் தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப்-ஏ வடிவில் ஒரு பிரதியும் வேண்டும். மூலக் கோப்பையும் அழிக்கக் கூடாது.

எல்லாவற்றையும் காக்க முடியாது, காக்கவும் வேண்டாம். காலை வணக்கப் படங்கள் போகட்டும். கூட்டக் குறிப்பு, கணக்கறிக்கை, சேர்க்கைப் பதிவேடு, நிலப் பத்திரம் ஆகியவை உருவாகும் அன்றே ஆண்டும் பொருளும் தெரியும்படி பெயரிடப்பட்டு, ஒரு பிரதி வெள்ளம் எட்டாத வேறு ஊருக்குப் போகட்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒருவர் அவற்றைத் திறந்து பார்த்து, புதிய வட்டுக்கு மாற்ற வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளிக்குக் கூரையே ஒழுகும்போது இதற்கு ஏது பணம் என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டு வட்டுகளின் விலையும் ஒருவரின் சில மணி நேர உழைப்பும்தான் செலவு.

அரசுக்கும் பொறுப்பு உண்டு. 2003ஆம் ஆண்டின் தேசிய ஆவணக் காப்பகச் சட்டம் அரசு அலுவலகங்களின் மின்னணுப் பதிவுகளையும் பொதுப் பதிவுகளாகவே கருதுகிறது. காப்பகத் தலைமை இயக்குநரின் அனுமதியின்றி அவற்றை அழிக்க முடியாது. ஆனால் கோயிலும் சங்கமும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. காப்பகத்தின் ஜொகூர் கிளை யோங் பெங் போன்ற சிற்றூர்களுக்கு வந்து பயிற்சி தரவேண்டும். தனியார் ஆவணங்களின் பிரதிகளைக் கேட்டுப் பெறவேண்டும்.

அதுவரை கைகட்டி நிற்கத் தேவையில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தை நெருப்புக்குப் பறிகொடுத்த ஈழத் தமிழர்கள், 2005 முதல் ‘நூலகம்’ என்ற திட்டத்தில் தன்னார்வலர்களின் துணையோடு நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்து வருகிறார்கள். இங்கும் தமிழ்ப்பள்ளி வாரியங்களும் ஆலய நிர்வாகங்களும் வரும் ஆண்டுக் கூட்டத்திலேயே ஆவணப் பொறுப்பாளர் ஒருவரை நியமிக்கட்டும். கணக்கறிக்கையோடு, கோப்புகள் எங்கே எத்தனை பிரதிகளாக உள்ளன என்ற அறிக்கையும் உறுப்பினர் முன் வைக்கப்படட்டும்.