பாஸ்கல் விதியும் எமது பிறேக்கும்

கல்லூரி ஆய்வுகூடத்திலே பாஸ்கல் விதியை ஒப்புவித்த எம்மில் எத்தனை பேர், காரின் பிறேக் மிதியை அமுக்கும்பொழுது அவ்விதியே காலடியில் தொழிற்படுவதை எண்ணியிருப்போம்? காரைதீவில் 1892இல் பிறந்து, துறவு பூணுமுன் விஞ்ஞானம் கற்பித்து, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய விபுலாநந்த அடிகளாரின் ஊருக்கு அணித்தேயுள்ள கல்முனையில் வாழும் எமக்கு இவ்வினா சற்றே நாணம் தருவதுதான்.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இன் தொடக்கத்திலேயே தனியார் கார்களுக்கு வழி திறந்தது. அவ்விடைக்காலத்தில் பழைய வண்டிகளைப் பேணுதல் கட்டாயமாயிற்று. வீட்டு முற்றத்தில் ஸ்பனர் ஏந்தியோரும் பலராயினர். இதனை யாம் வரவேற்கின்றோம். ஆயினும் பிறேக் வேலைக்கு ஓர் எல்லை உண்டு.

எமது கரையோரத்தின் உப்புக்காற்று உருக்குக் குழாய்களை அரித்துவிடும். பிறேக் எண்ணெயோ ஈரத்தை உறிஞ்சும் இயல்பினது. டொட் 3 என்னும் வகை, புதியதாயின் குறைந்தது 205 பாகை வெப்பம்வரை கொதியாது; நீர் கலந்தபின் அவ்வெல்லை 140 பாகைக்கு இறங்கிவிடலாம். கல்முனைச் சமவெளியில் இது புலப்படாது. பதுளை மலையிறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழி தோன்றினால், மிதி பஞ்சுபோல் அமுங்கும். திரவம்போலன்றி ஆவி எளிதில் அமுங்குமன்றோ!

முற்ற மணலில் ஜக்கை வைப்போர் அதன் கீழே தடித்த பலகை இடுக. ஜக்கை மாத்திரம் நம்பி வண்டியின் கீழே புகுதல் தற்கொலைக்கு ஒப்பாகும். பழைய லைனிங்குகளில் கல்நார் இருத்தல் கூடும். தூசியை ஊதாது ஈரத்துணியால் துடைத்தலே தகும். என்ஜின் எண்ணெயை ஊற்றினால் இறப்பர் வீங்கிக் கெடும்.

இத்தனையும் அறிந்த யாமே ஒருமுறை இடறினோம். எமது மொரிஸ் மைனரில் பிறேக் எண்ணெய்க் கலம் சாரதியின் காலடித் தளத்தின் கீழே உள்ளது. மூடியைச் சுற்றியிருந்த மணலைத் துடையாது திறந்தோம். சில கிழமைகளில் மிதி மெல்லமெல்லத் தாழ்ந்தது. எண்ணெய் குறைந்ததென்று கருதி மேலும் ஊற்றினோம். ஒருநாட் காலை மிதி தளத்தையே தொட்டது. நல்வினைப்பயனாக வண்டி படலையைத் தாண்டியிருக்கவில்லை. வெளியே பிரதான வீதியில் சைக்கிளிற் செல்லும் மாணவர் கூட்டம்!

சாய்ந்தமருதிலிருந்து வந்த மெக்கானிக் காக்கா சிலிண்டரைக் கழற்றி, உள்ளேயிருந்த இறப்பரில் மணல் கீறிய கோட்டைக் காட்டினார். எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொன்னாரல்லர்.

ஆகவே, துப்புரவாக்கலும், லைனிங்கின் தேய்வைப் பார்த்தலும், செப்பஞ்செய்தலும் வீட்டில் நிகழ்க. குழாயையும் சிலிண்டரையும் தொட்டவர், பயின்ற ஒருவர் பார்த்தபின்னன்றி வண்டியை வீதிக்கு எடுத்தலாகாது. எமது வீட்டில் இப்பொழுது என்ஜினை முடுக்குமுன் மிதியை ஒரு நிமிடம் அழுத்திப் பிடிக்கின்றோம். அது சிறிது தாழ்ந்தாலும் அன்று பயணம் பஸ்ஸிலேதான்.