எம்பி3யே போதும்னு சொல்ற மகராசன்களுக்கு...

"காதுக்கு வித்தியாசமே தெரியலையே, எதுக்கு வீணா இடத்தை அடைக்கணும்?" பழைய கேசட்டைக் கணினியில ஏத்துறவங்க எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி கேட்கிற கேள்வி இது. தவளக்குப்பத்துல கடலூர் பஸ் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டா எனக்கும் தெரியாதுதான். அந்த ஹாரன் சத்தத்துல ராஜா சாரோட வயலினே பாதி காணாமப் போயிடும். ஆனா மக்களே, கேட்கிறதுக்கு வச்சுக்கிறது வேற, காப்பாத்தி வைக்கிறது வேற.

1993ல தரமா வந்த எம்பி3, காதுக்கு எட்டாதுன்னு கணக்குப் போட்டதையெல்லாம் தூக்கி எறிஞ்சுடும். அதை வெட்டி ஒட்டி மறுபடி சேமிச்சா மறுபடி எறியும். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த கதை. 2001ல வந்த ஃப்ளாக், ஜிப் மாதிரி. சுருக்கும், விரிச்சா ஒரு பிட் குறையாது.

"நாளைக்கு ஃப்ளாக் இருக்குமா?"ங்கிறீங்களா? காசு கேட்காத திறந்த வடிவம் அது. 2024 டிசம்பர்ல ஆர்எஃப்சி 9639ன்னு இணையத் தரமாவே ஆயிடுச்சு.

"கேசட்லயே இரைச்சல்தானே?" அதனாலதான் சொல்றேன். நாளைக்கு நல்ல மென்பொருள் வச்சு இரைச்சலை எடுக்கணும்னா, முழு ஒலியும் கையில இருக்கணும்.

இடம்? 5 நிமிஷப் பாட்டு சிடி தரத்துல 53 எம்பி. ஃப்ளாக்ல சுமாரா 30. ஆயிரம் பாட்டு ஒரு 64 ஜிபி பென் டிரைவ்ல பாதிக்குள்ள அடங்கிடும்.

எங்க பெரியப்பா தன் கல்யாண நாயன கேசட்டை ஒரு கடையில மாத்தக் கொடுத்தார். 128ல எம்பி3 வந்துச்சு. கேட்டதுக்கு, அதே எம்பி3யை ஃப்ளாக்கா மாத்திக் கொடுத்துட்டாங்க! சக்கையைத் தங்க டப்பாவுல போட்டா சாறு ஊறுமா? கேசட் பத்திரமா திரும்பி வந்துச்சோ, பிழைச்சோம்.

டேப் வருஷா வருஷம் கெட்டுக்கிட்டே வருது. ஓட்ட நல்ல டெக்கும் கிடைக்கிறதில்லை. அநேகமா ஒரே ஒரு வாய்ப்புதான். ராஜா பாட்டை யாராவது திரும்ப வெளியிடுவாங்க. உங்க ஆயா பாடின தாலாட்டை யாரு வெளியிடுவா?

டிஸ்கி: ஃபோனுக்கு எம்பி3 தாராளமா போட்டுக்கோங்க. ஃப்ளாக்ல இருந்து எம்பி3 எப்ப வேணா எடுக்கலாம். எம்பி3ல இருந்து போனதை எடுக்க முடியாது. அவ்ளோதான் மேட்டர்.