பிள்ளையின் நோயைப் பிள்ளையே மொழிபெயர்ப்பதா?

ரேஷன் கார்டுக்காக நமது சங்கம் போராடியிருக்கிறது. தண்ணீர்க் குழாய் கேட்டு வார்டு ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருக்கிறோம். மும்பை மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளுக்கு வாத்தியார் போடு என்று மனு மேல் மனு கொடுத்திருக்கிறோம். ஆனால் அந்தப் பள்ளிக்குப் போகிற பிள்ளையின் மனம் எப்படி இருக்கிறது என்று ஒரு கூட்டத்திலாவது பேசியிருக்கிறோமா? இல்லை. இந்தக் குற்றத்தில் முதல் குற்றவாளி நான்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் எனக்கு இரவு டியூட்டி. பத்து மணி இருக்கும். எங்கள் பாயிண்ட்ஸ்மேன் ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்தார். "பிளாட்பார்ம் கடைசியில் ரொம்ப நேரமா தனியா உட்கார்ந்திருக்கான். உங்க ஆளு போலிருக்கு" என்றார். பார்த்தால் நம் தாராவிப் பையன். எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பையோடு மழையில் நனைந்து நின்றான். ஏன் வீட்டுக்குப் போகவில்லை என்றேன். "போகணும்னு தோணல மாமா" என்றான். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் இல்லை.

அவன் தாய் விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து இட்லி அவிப்பவர். தகப்பன் அதைச் சைக்கிளில் வைத்து விற்கிறவர். பையன் ஏழாம் வகுப்பு வரை தமிழில் படித்தான். பிறகு இந்தி வழிப் பள்ளிக்கு மாறினான். நடத்துவது புரியவில்லை. பரீட்சையில் மார்க் விழுந்தது. வீட்டில் அடி விழுந்தது. "சோம்பேறித்தனத்தை விடுடா" என்று நானும் ஒரு நாள் தெருவில் நிறுத்தி உபதேசம் செய்தேன்!

மறுநாள் அந்தத் தாயோடு நானும் பள்ளிக்குப் போனேன். வகுப்பு ஆசிரியை எங்களைப் பார்த்ததும், "இரண்டு மாதத்துக்கு முன்பே சொன்னேனே, ஏன் டாக்டரிடம் காட்டவில்லை?" என்று இந்தியில் கேட்டார். தாய் திகைத்து என் முகத்தைப் பார்த்தார். "அண்ணாச்சி, நல்லாப் படிக்கணும்னு டீச்சர் சொன்னதாத்தானே இவன் சொன்னான்!"

விஷயம் இதுதான். பையன் யாரோடும் சேருவதில்லை, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறப்பதில்லை, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து அழுகிறான் என்று ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் சொல்லியிருக்கிறார். அதைத் தாய்க்குத் தமிழில் சொல்ல வேண்டியவன் யார்? அதே பையன்! பதின்மூன்று வயதுப் பிள்ளை தன் கண்ணீரைத் தானே மொழிபெயர்த்துத் தாயிடம் சொல்வானா? தாயோ, பையன் இரவில் தூங்காமல் விழித்திருப்பதைக் கண்டு மந்திரித்த கயிறு கட்டியிருக்கிறார். அது ஆசிரியைக்குத் தெரியாது. இருவரும் ஆளுக்குப் பாதியைப் பார்த்தார்கள். இரண்டு பாதியும் ஒன்று சேரவே இல்லை.

ரயில்வேயில் ஒரு வழக்கம் உண்டு. நிற்காமல் போகிற வண்டியை ஸ்டேஷனில் ஒரு பக்கம் ஸ்டேஷன் மாஸ்டரும் மறுபக்கம் பாயிண்ட்ஸ்மேனும் நின்று கவனிப்பார்கள். அச்சு சூடேறிப் புகைகிறதா, அடியில் ஏதாவது தொங்குகிறதா என்று பார்ப்பார்கள். வண்டிக்குள் இருப்பவருக்கு அது தெரியாது. வெளியே நிற்பவர் கண்ணில்தான் படும். இரு பக்கமும் சரியாக இருந்தால்தான் பச்சைக் கொடி. பிள்ளைக்கு ஒரு பக்கம் பெற்றோர், மறுபக்கம் ஆசிரியர். ஒரு பக்கத்துக்குத் தெரிந்தது மறு பக்கத்துக்குத் தெரியாவிட்டால் கொடி எதற்கு?

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை என்று எண்ணாதீர்கள். 2015-16இல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசிய மனநல ஆய்வு, 13 முதல் 17 வயதுள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு மனநலக் குறைபாடு இருப்பதாகச் சொன்னது. ஐம்பது பேர் உள்ள வகுப்பில் மூன்று அல்லது நான்கு பிள்ளைகள்! தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் தற்கொலை செய்துகொண்ட மாணவர்கள் 13,044 பேர். இத்தனை பேருக்கும் பேய் பிடித்ததா? இத்தனை பேரும் சோம்பேறிகளா?

எந்த அடையாளத்தைப் பார்ப்பது? தூக்கமும் சாப்பாடும் மாறுவது. விளையாட்டை விடுவது. பள்ளி நாள் காலையில் மட்டும் வயிற்றுவலி, தலைவலி. காரணமில்லாத எரிச்சல். "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்ற பேச்சு. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். சாவைப் பற்றிப் பேசினாலோ ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. "செத்துப் போகலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் நினைப்பை நாமே ஊட்டியதாகாது. கேட்பாரில்லாமல்தான் பல பிள்ளைகள் போய்விட்டார்கள்.

கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை. அதோடு நின்றுவிடாதீர்கள். ஊருக்குக் கூட்டிப்போய் எங்காவது விட்டுவிட்டு வரவும் நினைக்காதீர்கள். 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் ஓட வழியின்றிக் கருகினார்கள். மாண்டவர்கள் 28 பேர். அதை மறக்கலாமா?

அடித்தால் திருந்துவான் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் பிள்ளையை அடிப்பதையும் மனம் நோக வதைப்பதையும் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டம் 17ஆம் பிரிவில் தடை செய்துவிட்டது. பள்ளியில் தப்பானது வீட்டில் மட்டும் சரியாகுமா?

பெற்றோரை மட்டும் குறை சொல்லி முடிக்க நான் தயாராக இல்லை. பத்துக்குப் பத்து அறையில் ஆறு பேர் படுத்து, இரண்டு மணிக்கு எழுந்து உழைக்கிறவர்கள் எந்த நேரத்தில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பது? பெற்றோர் கூட்டத்தை வேலை நாளில் வைத்தால் அன்றைய கூலியை யார் கொடுப்பது? ஒரு வகுப்பில் அறுபது பேரை அடைத்துவிட்டு, ஆசிரியரை ஒவ்வொரு மனத்தையும் பார் என்றால் நடக்குமா? 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தெளிவாகக் கூறிவிட்டது: 100 மாணவர்களோ அதற்கு மேலோ உள்ள கல்வி நிலையங்களில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது வேண்டும், ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது பயிற்சி வேண்டும். தீர்ப்பு தாளில் கிடந்தால் பயனில்லை. கேட்டு வாங்க வேண்டியவர்கள் நாம்.

எனவே மாநகராட்சியிடம் மூன்று கோரிக்கைகள் வைப்போம். தமிழ்ப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளுக்குத் தமிழ் தெரிந்த ஆலோசகர் வேண்டும். பெற்றோர் கூட்டம் ஞாயிறு அன்றோ மாலையிலோ நடக்க வேண்டும். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளனாக நிறுத்தும் வழக்கம் ஒழிய வேண்டும்.

மாநகராட்சி தரும்வரை நாம் சும்மா இருப்பதா? இந்தியும் மராத்தியும் தெரிந்த தோழர்கள் நம்மில் எத்தனை பேர்! தெருவுக்கு இரண்டு பேர் பெயர் கொடுங்கள். பெற்றோர் கூட்டத்துக்குத் தாயோடு போய் உட்காருங்கள். கேட்டதைக் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொல்லுங்கள். வீட்டு விஷயத்தை வெளியே பேசாதீர்கள். அவசரத்துக்கு அரசின் டெலி மானஸ் தொலைபேசி எண் 14416. இரவும் பகலும் கட்டணமில்லாமல் தமிழிலும் பேசலாம். அடுப்படிச் சுவரில் எழுதி வையுங்கள்.

அந்தப் பையன் இப்போது மாநகராட்சி ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒருமுறை போகிறான். நான் லீவு போட்டுவிட்டுக் கூடப் போகிறேன். முழுதும் குணமாகிவிட்டான் என்று கதை சொல்ல மாட்டேன். சில நாள் சிரிக்கிறான், சில நாள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறான். ஆனால் போன மாதப் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் சொன்னதைத் தாய்க்கு நான்தான் தமிழில் சொன்னேன். பையன் வெளியே மைதானத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.