சம்பளமா, கட்டணமா?

காலையில் தனுவச்சபுரம் ரயில் நிலையத்திலிருந்து திருவனந்தபுரம் செல்லும் கூட்டத்தில், உள்ளூர் அரசு ஐடிஐயில் படித்த எலக்ட்ரீஷியனும், வேலுத்தம்பி நினைவு என்எஸ்எஸ் கல்லூரியில் பட்டம் பெற்று வேறொரு கல்லூரியில் பாடம் நடத்துபவரும், டெக்னோபார்க்கில் நிரல் எழுதுபவரும் ஒரே பெட்டியில் அமரக்கூடும். மூவரும் நாள்தோறும் ஒரே பணியிடத்துக்குச் செல்கின்றனர். ஒருவருடைய சொல்லுக்கு உட்பட்டு வேலை செய்கின்றனர். மாத முடிவில் பணம் பெறுகின்றனர். அப்பணத்துக்குச் சட்டம் வைக்கும் பெயர் மட்டும் வேறுபடலாம். ஒருவருக்கு அது சம்பளம், மற்றொருவருக்கு ஒப்பந்தக் கூலி, இன்னொருவருக்குத் தொழில்முறைக் கட்டணம். வரிவிதி மாறும் ஒவ்வொரு முறையும் இப்பெயர் மாற்றப்படுகிறது. வேலை பழையபடியே நடக்கிறது. பெயர் வைப்பவர் எப்போதும் பணம் கொடுப்பவரே.

வருமான வரியில் சம்பளத்துக்குரியது 192ஆம் பிரிவு; அடுக்கு விகிதப்படி பிடித்தம். ஒப்பந்தப் பணிக்கு 194சி. தனிநபரிடம் 1 விழுக்காடு. தொழில்முறைக் கட்டணத்துக்கு 194ஜே, 10 விழுக்காடு. (2025ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இவ்வெண்கள் மாறிவிட்டன. கணக்கர்களின் வாயில் பழைய எண்களே நிற்கின்றன, இங்கும் அவையே.) சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, ஊழியர் தம் முதலாளிக்குச் செய்யும் பணியைச் சேவையாகவே கருதுவதில்லை. அதே பணியை ஆள் வழங்கும் நிறுவனம் ஒன்றின் வழியாகப் பெற்றால் 18 விழுக்காடு வரி. வைப்பு நிதிச் சட்டமோ இவை எவற்றையும் பார்க்காமல், வேலையின் தன்மையைத் தனியே கேட்கிறது. ஒரே மனிதரைப் பற்றிய ஒரே கேள்விக்கு அரசின் வெவ்வேறு அலுவலகங்கள் வெவ்வேறு விடைகளை ஏற்றுக்கொள்கின்றன.

மேல்மட்டத்தில் இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2025-26 நிதியாண்டில், புதிய வரிமுறையின்கீழ், ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் சம்பளம் பெறும் மென்பொருள் பொறியாளர், 75,000 ரூபாய் நிலைக்கழிவு போக, கூடுதல் தீர்வையும் சேர்த்து 2,92,500 ரூபாய் வரி செலுத்த வேண்டும். அதே 24 லட்சத்தை அவர் ஆலோசகர் என்ற பெயரில் பெற்றால் 44ஏடிஏ பிரிவின்படி பாதியை மட்டும் வருமானமாகக் காட்டலாம். அது 12 லட்சம். 87ஏ கழிவு முழுவதும் கிடைக்கும், வரி ஏதுமில்லை. வரவு 20 லட்சத்தைத் தாண்டுவதால் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். ஆனால் வாடிக்கை நிறுவனம் உள்ளீட்டு வரவாக அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடுமாயின் அதுவும் பெரும் தடையாகாது. அலுவலகமும் மேலாளரும் நாற்காலியும் மாறவில்லை. கையெழுத்திட்ட தாள் மட்டும் மாறியிருக்கிறது. இத்தகைய தாளில் கையெழுத்திடும் இளைஞரைக் குறை கூறுவது எளிது. சட்டமே நீட்டிய பரிசை மறுப்பதற்கு அவருக்கு என்ன காரணம் இருக்கிறது என்பதே பொருத்தமான கேள்வி.

கீழ்மட்டத்தில் கணக்கு வேறு. மாதம் 20,000 ரூபாய் பெறும் எலக்ட்ரீஷியனுக்கு வருமான வரி கிடையாது. பெயர் மாற்றத்தால் அவருக்கு மிச்சமாகும் வரியும் இல்லை. அவர் ஊழியரானால், வைப்பு நிதிக்கு 15,000 ரூபாய் என்னும் சட்ட உச்சவரம்பின்படி முதலாளி 1,800 ரூபாயும், இஎஸ்ஐக்கு 3.25 விழுக்காடு வீதம் 650 ரூபாயும் செலுத்த வேண்டும். தனி ஒப்பந்தக்காரர் என்று எழுதிவிட்டால் அந்த 2,450 ரூபாய் முதலாளியிடமே தங்கிவிடுகிறது. தொழிலாளர் தம் பங்காகச் செலுத்த வேண்டிய 1,950 ரூபாயும் பிடிக்கப்படாததால் மாதக் கடைசியில் கையில் சற்றுக் கூடுதலாகவே வருகிறது. அவர் எதிர்க்காததற்கு அறியாமையைக் காரணம் காட்டுவோர் இந்த 1,950 ரூபாயை மறந்துவிடுகின்றனர். ஏணியிலிருந்து விழும் நாளில்தான் இஎஸ்ஐ அட்டை இல்லாதது தெரியவரும்.

மணிக்கணக்கில் ஊதியம் பெறும் ஆசிரியரின் நிலை இன்னும் விசித்திரமானது. அவரும் மாதம் 20,000 பெறுகிறார் என்று கொள்வோம். 194ஜேயின்படி மாதந்தோறும் 2,000 ரூபாய் பிடிக்கப்படும். பன்னிரண்டு மாதத்தில் 24,000. அவர் கட்ட வேண்டிய வரி பூச்சியம். ஆயினும் அத்தொகை, வருமான வரி விவரம் தாக்கல் செய்து திரும்பப் பெறும்வரை அரசிடம் முடங்கிக் கிடக்கும். அவர் ஊழியர் என்றே கொள்ளப்பட்டிருந்தால் ஒரு ரூபாய்கூடப் பிடித்திருக்க மாட்டார்கள்.

நீதிமன்றங்கள் இச்சிக்கலை அறியாதவையல்ல. 1956இல் திராங்கத்ரா கெமிக்கல் வொர்க்ஸ் வழக்கில், தம் உதவியாட்களைத் தாமே அமர்த்திக்கொண்டு வேலை செய்த உப்பளத்தாரையும் தொழிலாளர் என்றே உச்ச நீதிமன்றம் கொண்டது. 1978இல் கோழிக்கோட்டுக் கயிற்றுத் தொழிற்சாலை ஒன்றின் வழக்கு, ஹுசைன்பாய் வழக்கு, வந்தது. தொழிலாளர்கள் ஒப்பந்தக்காரரின் ஆட்கள், தம்முடையவர்கள் அல்லர் என்றார் ஆலை உரிமையாளர். தொழிலாளரின் பிழைப்பு எவர் கையில் இருக்கிறதோ அவரே முதலாளி என்று நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் தீர்ப்பளித்தார். இடையில் நிற்கும் ஒப்பந்தத் தாளை விலக்கிப் பார்க்கச் சொன்னார். வரி வழக்குகளோ எதிர்த்திசையில் நடக்கின்றன. மருத்துவமனைகளின் ஆலோசக மருத்துவர்கள் பெறுவது சம்பளமா, கட்டணமா என்ற வழக்குகளில், 2015இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்த கிராண்ட் மெடிக்கல் ஃபவுண்டேஷன் வழக்கு உட்பட, ஒப்பந்த விதிகளுக்கே எடை அதிகம். வைப்பு நிதியும் ஓய்வுப் பயனும் இல்லை என்பது, அவர்கள் ஊழியர் அல்லர் என்பதற்குரிய அடையாளங்களுள் ஒன்றாகிறது. வசதியான மருத்துவருக்கு இது பொருந்தலாம். இதே தருக்கம் எலக்ட்ரீஷியனிடம் இறங்கி வந்தால், பயனை மறுத்ததே மறுத்ததற்கு நியாயமாகிவிடும்.

முடிவெடுக்கும் பொறுப்பை வாடிக்கையாளர் மீது சட்டம் வெளிப்படையாகச் சுமத்தினால் என்ன நிகழும் என்பதற்குப் பிரிட்டன் சான்று. ஐஆர்35 எனப்படும் விதி 2000 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, ஒப்பந்தக்காரரின் சொந்த நிறுவனமே தன் நிலையை முடிவு செய்தது. அம்முடிவைப் பொதுத்துறை வாடிக்கையாளர்களிடம் 2017இலும், நடுத்தர, பெரிய தனியார் நிறுவனங்களிடம் 2021இலும் அரசு மாற்றியது. தவறினால் வரி தம் தலையில் விழும் என்றஞ்சிய பல நிறுவனங்கள், ஒவ்வொருவரையும் ஆராயாமல், சொந்த நிறுவனம் வைத்திருந்த ஒப்பந்தக்காரர்களை மொத்தமாக விலக்கின. பலர் ‘குடை நிறுவனங்கள்’ எனப்படும் இடைத்தரகு அமைப்புகளுக்குள் தள்ளப்பட்டனர். முதலாளி செலுத்த வேண்டிய தேசியக் காப்பீட்டுப் பங்கும் அங்கே பேசிய தொகையிலிருந்தே கழிகிறது. வரிக்கு ஊழியராகி, வேலை தருபவருக்கு அந்நியராகவே அவர்கள் நின்றனர்.

ஆகவே பொறுப்பை மாற்றுவது மட்டும் போதாது. ஒரு சட்டம் தரும் விடை மற்றச் சட்டங்களையும் கட்டுப்படுத்த வேண்டும். இதற்குப் புதிய கண்காணிப்பு எதுவும் தேவையில்லை. ஒரே நிறுவனம், ஒரே நிரந்தரக் கணக்கு எண்ணுக்கு, பன்னிரண்டு மாதமும் ஏறக்குறைய ஒரே தொகையைக் கட்டணமாக அளித்துப் பிடித்தம் செய்வதை வருமான வரித்துறையின் கணினி ஏற்கெனவே காண்கிறது. அத்தகைய உறவை வேலை உறவு என்றே முதலில் கொள்ளலாம். அன்று என்று நிறுவும் சுமை நிறுவனத்தைச் சாரட்டும். பல வாடிக்கையாளர்களைக் கொண்ட கட்டடக் கலைஞரையோ வழக்கறிஞரையோ இது தீண்டாது. அவ்வாறு வேலை உறவெனக் கொள்ளப்பட்ட இடத்தில் 44ஏடிஏ சலுகை நிற்கவும் கூடாது, வைப்பு நிதி தப்பவும் கூடாது. டெக்னோபார்க் இளைஞருக்கு இதனால் ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் இழப்பு என்பது உண்மை. ஒரே விதியால் அவருடைய சலுகையையும் எலக்ட்ரீஷியனின் பாதுகாப்பையும் ஒருசேரக் காப்பாற்ற முடியாது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறையிலுள்ள சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் ஒரு வழியைத் திறந்திருக்கிறது. செயலிவழித் தொழிலாளருக்காக, தம்மை முதலாளி என்று ஒப்புக்கொள்ளாத நிறுவனங்களும் தம் ஆண்டு வருவாயில் 1 முதல் 2 விழுக்காடுவரை சமூகப் பாதுகாப்புக்குச் செலுத்த வேண்டும் என்கிறது அது. முதலாளி என்ற பெயர் இல்லாமலே கடமை பிறக்கிறது. ஆனால் அக்கடமை செயலி நிறுவனங்களோடு நின்றுவிட்டது. செயலி எதுவும் இல்லாமல், கல்லூரி அலுவலகத்தில் வவுச்சரில் கையெழுத்திட்டுக் கட்டணம் பெறும் ஆசிரியரும், ஒப்பந்தக்காரரின் குறிப்பேட்டில் பெயர் எழுதப்பட்ட எலக்ட்ரீஷியனும் அதன் எல்லைக்கு வெளியேதான் இருக்கின்றனர். அந்த வவுச்சர்களில் ஒப்பமிடும் துறைத்தலைவர்களுள் சிலர், தொழிலாளர் சட்டத்தையே பாடமாக நடத்துபவர்களாகவும் இருக்கலாம்.