மோப்பப் போட்டியை மன்னாரில் வையுங்கள்

கொழும்பில் நாய் வளர்ப்போர் சிலர் தமது கழகத்தின் முதலாவது மோப்பப் போட்டியை நடத்த எண்ணியுள்ளதாக நண்பர் ஒருவர் சொன்னார். எங்கே வைக்கலாம் என்று கேட்டார். மன்னாரில் வையுங்கள் என்றேன். சிரித்தார். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

2009 இல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தோன்றி இவ்விளையாட்டுக்கு முறையான வடிவம் கொடுத்தது. கராம்பு, சோம்பு போன்றவற்றின் எண்ணெய் தொட்ட பஞ்சைப் பெட்டிக்குள்ளோ வாகனத்தின் அடியிலோ ஒளித்து வைப்பார்கள். அந்த இடம் நாயைக் கொண்டுசெல்பவருக்கும் தெரியாது. நாயின் குறிப்பறிந்து அவர் 'இங்கே' என்று சொல்ல வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு நாயே களமிறங்கும். சாதி நாய், தெருநாய் என்ற பேதமும் இல்லை.

இதே திறமைதான் நமது மண்ணில் உயிர் காத்தது. அமெரிக்காவின் மார்ஷல் லெகசி நிறுவனம் வழங்கிய மோப்ப நாய்கள் இலங்கை இராணுவத்தின் கண்ணிவெடி அகற்றும் பிரிவில் பணியாற்றின. வெடிமருந்தின் வாசனை பட்டதும் அத்தகைய நாய் தோண்டாமல், குரைக்காமல், அப்படியே அமர்ந்துவிட வேண்டும். போட்டியில் தவறினால் புள்ளி போகும். கண்ணிவெடி நிலத்தில் தவறினால் ஒரு விவசாயியின் கால் போகும்.

2007, 2008 ஆம் ஆண்டுகளில் அடம்பனும் விடத்தல்தீவும் போர்முனைகளாக இருந்தன. வயலுக்குத் திரும்பிய மக்கள் முதலில் அஞ்சியது மண்ணுக்குத்தான். 2017 டிசம்பரில் இலங்கை ஒட்டாவா உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி 2028 ஜூனுக்குள் கண்ணிவெடிகளை அகற்றி முடித்தாக வேண்டும். இவ்விடயம் தலைநகரில் நினைவுகூரப்படுவதே அரிது. ஒரு விளையாட்டுக் கழகம் அதை நினைவூட்டினால் என்ன குறை?

மன்னாரின் வெயிலும் காற்றும் தடையென்று நண்பர் சொன்னார். வெயில் மெய்யான தடைதான். தை மாதத்தில், காலை ஒன்பது மணிக்குள் முடித்துவிடுங்கள். நிழலும் தண்ணீரும் வேண்டும். காற்றோ தடையல்ல, பரீட்சை. வாசனையை அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பதைக் கணிப்பதே இக்கலை. நகரத்துப் பாடசாலை மைதானம் ஒன்று போதும். பற்றைக் காட்டுப் பக்கம் போகவேண்டாம். உள்ளூர் நாய்களுக்குத் தனிப்பிரிவு வையுங்கள், விசர்நாய்த் தடுப்பூசியை நிபந்தனையாக்குங்கள். நுழைவுக் கட்டணத்தைக் கால் இழந்தோருக்குக் கொடுங்கள்.

துயரத்தை விளையாட்டாக்கலாமா என்று சிலர் கேட்கக்கூடும். கண்ணிவெடி நிலத்திலும் அது நாய்க்கு விளையாட்டுத்தான். அதற்குக் கிடைக்கும் கூலி பெரும்பாலும் ஒரு ரப்பர் பந்து. அந்த விளையாட்டின் பயனை அனுபவித்தவர்கள் நாங்கள். அதற்கு நன்றி சொல்ல மன்னாரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.