குறை பச்சோந்தியிடமா, கூண்டிலா?

அடிக்கடி கட்சி மாறுகிறவரைப் 'பச்சோந்தி' என்று ஏசுவது நம் வழக்கம். இடத்துக்கேற்ப நிறம் மாற்றி ஏமாற்றும் பிராணி என்பது பொதுவான எண்ணம். உண்மையில் அதன் நிறமாற்றம் பெரும்பாலும் ஏமாற்று வேலை அன்று. அது ஒரு பேச்சு. கோபம், அச்சம், இணை தேடும் ஆவல், தோல்வி ஆகியவற்றைப் பச்சோந்தி தன் தோலில் எழுதிக் காட்டுகிறது. அந்த எழுத்தைப் படிக்காமலே, "இந்த ஆண் எதற்கும் உதவாது, இணை சேர மறுக்கிறது" என்று சிலர் குறை கூறுகிறார்கள்.

மடகாஸ்கர் தீவைச் சேர்ந்த பாந்தர் பச்சோந்தியை எடுத்துக்கொள்வோம். அதன் அழகிய வண்ணங்களுக்காகப் பல நாடுகளில் அதைக் கூண்டில் வளர்த்து இனப்பெருக்கம் செய்கிறார்கள். ஆண் மறுத்தால், அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றை வாங்கலாம் என்று தோன்றும். அந்த வேறொன்று காட்டில் பிடிக்கப்பட்டதாக இருந்தால்? காட்டில் பிடிப்பதைக் குறைப்பதுதானே கூண்டில் இனப்பெருக்கம் செய்வதன் பெரும்பயன்! ஆகவே, ஆணைக் குறை சொல்லுமுன் கூண்டைச் சோதிக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இயற்பியல் ஆசிரியருக்கு இங்கே என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. பாந்தர் பச்சோந்தியின் தோலில் குவானின் என்னும் பொருளாலான மிக நுண்ணிய படிகங்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன. ஜெனீவா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 2015-இல் இவற்றின் செயலை விளக்கினார்கள். பிராணி அமைதியாக இருக்கும்போது படிகங்கள் நெருங்கி நின்று நீல ஒளியைப் பிரதிபலிக்கின்றன. தோலிலுள்ள மஞ்சள் நிறமியுடன் சேர்ந்து அது பச்சையாகத் தெரிகிறது. கிளர்ச்சி அடைந்ததும் படிகங்களின் இடைவெளி கூடுகிறது; மஞ்சள், சிவப்பு போன்ற அதிக அலைநீள ஒளி பிரதிபலிக்கிறது. எதிரியையோ பெண்ணையோ கண்ட ஆண் பளிச்சென்று ஒளிர்வது இதனால்தான்.

அப்படி ஒளிராமல் ஓர் ஆண் கறுத்து ஒடுங்கிக் கிடந்தால் என்ன பொருள்? முதலில் அதன் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று பாருங்கள். பச்சோந்தி தனித்து வாழும் பிராணி. ஏமன், சவூதி அரேபியா பகுதியைச் சேர்ந்த வேறொரு வகைப் பச்சோந்தியில், சண்டையில் தோற்ற ஆண் தன் நிறத்தைக் கறுக்கச் செய்து "விட்டுவிடு" என்று அறிவிப்பதை ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். எதிர்க்கூண்டில் வலிய ஆண் ஒன்று நாள் முழுதும் தெரிந்துகொண்டிருந்தால், மெலிந்த ஆணுக்கு இணை தேடும் எண்ணம் எப்படி வரும்? கண்ணாடிச் சுவரில் தெரியும் தன் பிம்பம்கூட அதற்கு எதிரிதான்!

அடுத்து ஒளி. உணவிலுள்ள சுண்ணாம்புச் சத்து உடலில் சேர வைட்டமின் டி3 தேவை. அதைத் தோல் உண்டாக்குவதற்கு சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புறஊதாக் கதிர்கள் வேண்டும். ஜன்னல் கண்ணாடி இக்கதிர்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. அறை நமக்கு வெளிச்சமாகத் தெரியலாம். பச்சோந்திக்கோ அது பற்றாக்குறை. எலும்பு நலிந்த ஆண் கிளையைப் பற்றி ஏறவே தடுமாறும்.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. உணவில் வைட்டமின் டி3 குறைவாகக் கிடைத்த பாந்தர் பச்சோந்திகள், தாமாகவே புறஊதா ஒளியில் அதிக நேரம் நின்றதை 2003-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. தனக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் திறமை அதற்கு இருக்கிறது. தேர்ந்தெடுக்க இடம் தருவதே நம் கடமை. கூண்டின் ஒரு மூலை வெயில்போல் சூடாகவும், மற்ற இடம் இலை நிழலாகவும் இருக்கட்டும். இரவில் வெப்பம் குறையட்டும். குடிப்பதற்கு இலைகளில் நீர்த்துளிகள் இருக்கட்டும்.

கடைசியாக, பெண்ணின் கருத்தையும் கேட்க வேண்டாமா? இணங்கும் பாந்தர் பெண் வெளிறிய இளஞ்சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ இருக்கும். வயிற்றில் முட்டை சுமப்பது கறுத்து, வாயைப் பிளந்து சீறும். அதைக் கண்டு ஆண் பின்வாங்கினால் அது தயக்கம் அன்று, புத்திசாலித்தனம். உடனே இரண்டையும் பிரித்துவிட வேண்டும்.

சோதனைச்சாலையில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்றுகிறோம் அல்லவா? இங்கும் அதுவே முறை. இன்று விளக்கு, நாளை கூண்டு, மறுநாள் உணவு என்று எல்லாவற்றையும் அவசரமாக மாற்றினால், எது பலன் தந்தது என்று ஒருநாளும் தெரியாது. ஒன்றை மாற்றுங்கள், சில வாரங்கள் பொறுங்கள், நிறத்தைக் குறித்து வையுங்கள்.

இதைப் படித்துவிட்டு வேலியோரப் பச்சோந்தியைப் பிடித்துவரக் கிளம்பிவிடாதீர்கள்! நம் நாட்டுப் பச்சோந்தியை 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அதற்குக் கூண்டு வேண்டாம். உங்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பொறுமையும் போதும். தள்ளி நின்று அது என்ன நிறத்தில் பேசுகிறது என்று எழுதிவாருங்கள்.